பூனை சத்தம் போட்டதா

புதன்கிழமை காலை ஏழு மணி இருக்கும். உப்பு மேசைக்குப் பக்கத்தில் நின்று மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த என்னிடம் ரபி வந்தார். நான் வேலைக்கு வந்தபோது உயிர்க்கோழிகள் இருக்கும் கூடத்தில் சத்தம் ஏதும் கேட்டதா என்று கேட்டார். வேறொன்றும் அவர் கேட்கவில்லை. ஆனால் நான் வாய் திறப்பதற்கு முன்பே என் கைகள் நின்றுவிட்டன. அவர் அதைக் கவனித்தார். கவனித்தார் என்பதை நானும் கவனித்தேன்.

கோழி என்றால் கத்தத்தானே செய்யும் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசையில் நின்ற பெண்ணிடம் போய் அதே கேள்வியைக் கேட்டார்.

மொன்ட்ரியால் நகரத்தில், சென்ட் லோரன்டில் இருந்த அந்தக் கோழித் தொழிற்சாலையில் எனக்கு அது ஆறாவது வருடம். யூதர்களின் உணவுச் சட்டப்படி கோழி அறுத்துக் கொடுக்கும் இடம். அறுப்பதற்கென்றே படித்தவர்கள் இருந்தார்கள். கத்தியின் வாயை விரல் நகத்தில் ஓட்டிப் பார்த்து, சிறு நெளிவுகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் கழுத்தில் வைப்பார்கள். அறுத்த கோழியை அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, கல்லுப்புப் பூசி, சரிவான மேசையில் ஒரு மணி நேரம் இரத்தம் வடிய விட்டு, மூன்று தரம் கழுவ வேண்டும். அந்த உப்புப் பூசும் மேசைதான் என் இடம். எவ்வளவு நல்ல கையுறை போட்டாலும் உப்பு எப்படியோ உள்ளே போய்விடும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, வீட்டில் தேசிக்காய் பிழியும் வேலையை என் கணவரிடம் கொடுத்துவிட்டேன்.

ரபி என்று, அவர்களுடைய மதகுருவுக்குரிய பெயரால், நாங்கள் எல்லோரும் கூப்பிட்டவர் அறுப்பவர் அல்ல. எல்லாம் அவர்களுடைய சட்டப்படி நடக்கிறதா என்று காலையிலிருந்து கடைசிப் பெட்டி ஒட்டப்படும் வரை பார்த்துக்கொண்டிருப்பவர். மெலிந்த மனிதர். ஐம்பதைத் தாண்டியிருக்கமாட்டார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டுச் சட்டைப் பைகளில் தேடுவார். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் அவர் கேள்வி கேட்டால் நான் உஷாராகிவிடுவேன். நேராகக் கேட்கமாட்டார். பக்கவாட்டில் ஒரு சின்னக் கேள்வியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அப்படிக் கேட்பவர்களை எனக்குத் தெரியும். ஊரில் சோதனைச் சாவடியில் கேட்டிருக்கிறார்கள். இங்கே வந்த பிறகு அகதி விசாரணையில், வீட்டு வாசல் படலை என்ன நிறம் என்று முதலில் கேட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து, படலைக்கு வர்ணம் பூசியது யார் என்று வேறொரு மூலையிலிருந்து வந்தார்கள். அன்று முதல் எனக்கு ஒரு பழக்கம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். கேள்விக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்ப்பேன்.

சத்தம் கேட்டதா என்ற கேள்விக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் சத்தம் கேட்டது உண்மை.

மொன்ட்ரியால்-நோரில் எங்கள் வீட்டிலிருந்து வேலைக்கு வர இரண்டு பஸ் பிடிக்க வேண்டும். பிந்திய பஸ்ஸைப் பிடித்தால் பத்து நிமிடம் தாமதம். முந்தியதைப் பிடித்தால் அரை மணி நேரம் வேளைக்கு வந்து நிற்பேன். அந்த அரை மணி நேரத்தில்தான் பூனைக்குச் சாப்பாடு வைக்கும் பழக்கம் தொடங்கியது. தொழிற்சாலைக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளின் ஓரம், சூடான காற்று வெளியே வரும் குழாய்க்குக் கீழே அது குளிர்காலம் முழுவதும் கிடந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு காது கிழிந்த பூனை. மிளகாய்த்தூள் போடும் முன்பே மீன் தலையை எடுத்து வைத்துக் கொண்டுவருவேன். அங்கே எந்த மிருகத்துக்கும் உணவு வைக்கக் கூடாதென்று இரண்டு மொழியிலும், மொழி தெரியாதவர்களுக்குப் படத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு மூன்றும் விளங்கும்.

அன்றைக்கு வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. பனி உருகி முற்றமெல்லாம் ஈரம். பூனை வழக்கமான இடத்தில் இல்லை. உள்ளே கோழிகள் கத்துவது கேட்டது. கோழி கத்துவதில் வித்தியாசம் உண்டு. பசிக்குக் கத்துவது ஒன்று, லொறியிலிருந்து இறக்கும்போது கத்துவது ஒன்று. இது வேறு. போய்ப் பார்த்தேன். கூடத்தின் பெரிய சுருள் கதவு தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குத் தூக்கப்பட்டுக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். கோழிகள் அமைதியாக இருக்கவென்று போட்டிருக்கும் நீல விளக்கு எரிந்தது. கதவோரம் அடுக்கியிருந்த பெட்டிகளில் அடிப்பெட்டியின் முன்னால் பூனை உட்கார்ந்திருந்தது. ஒரு முன்னங்காலைப் பெட்டியின் இடைவெளிக்குள் தோள்வரை விட்டிருந்தது. அதனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கத்தியதெல்லாம் கோழிகள்தான்.

நான் கையைத் தட்டினேன். அது காலை உருவிக்கொண்டு என் பக்கமாகவே பாய்ந்து வெளியே ஓடிற்று. தரையில் கொஞ்சம் இறகு. வேறு ஒன்றும் என் கண்ணில் படவில்லை. கதவை நான் தொடவில்லை. மீன் தலையை அப்படியே தொட்டிக்குள் போட்டுவிட்டு, முன்வாசலால் வந்து, உடுப்பு மாற்றி, மேசைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த கோழிகள் எல்லாம் உயிரோடுதானே இருந்தன.

எட்டு மணியாகியும் அறுப்பு தொடங்கவில்லை. கோழிகளைக் கொண்டுபோகும் பட்டைகள் ஓடவில்லை. பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். மேற்பார்வையாளர் என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கியூபெக்காரர், எல்லோரையும் நீ என்றே சொல்வார், அதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைத்ததில்லை. அன்று அவர் சிரித்துக்கொண்டு கதவைச் சாத்தியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்துக் கராஜில் ஒரு மண்ணிற நாய் இருக்கிறதே, தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அது இன்று காலையில் கூடத்துக்குள் வந்துவிட்டது, நீ பார்த்தாய் அல்லவா என்றார். நாய்தான், யாராவது கேட்டால் நாய் என்று சொல், தெரியாது என்றாலும் சரி, ஆனால் பூனை என்று மட்டும் வாயில் வரக்கூடாது என்றார். நான் பூனையைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருக்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதானே என்று நினைத்துக்கொண்டேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்திவிட்டு, உன்னுடைய பூனை எனக்குத் தெரியும், நீ தினமும் அதற்கு என்ன கொடுக்கிறாய் என்றும் தெரியும் என்றார்.

அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்குள் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இவருக்கு யார் சொன்னது?

பூனைக்கு நான் சாப்பாடு வைப்பதைப் பார்த்த ஒரே ஆள், நான் அண்ணை என்று கூப்பிடுபவர். மன்னார்க்காரர். லொறியிலிருந்து பெட்டிகளை இறக்கி, தள்ளுவண்டியில் கூடத்துக்குள் அடுக்குவது அவர் வேலை. பதினான்கு வருடமாக அங்கே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். காலையில் அவரும் வேளைக்கு வந்து பின்பக்கம் உட்கார்ந்து பிளாஸ்கில் கொண்டுவந்ததைக் குடிப்பார். எத்தனையோ நாள் பூனை தின்பதை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்திருக்கிறோம். அன்று காலை மட்டும் அவர் அங்கே இருக்கவில்லை.

ஒன்பது மணி இடைவேளையில் சாப்பாட்டு அறையில் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். நாய் வந்ததாகச் சொல்கிறார்களே என்று மெதுவாகத் தொடங்கினேன். அவர் பாண் துண்டைப் பிய்த்துக்கொண்டே நிமிராமல் சொன்னார்:

"நாய் எண்டால் ஒண்டும் இல்லை, தங்கச்சி. பூனை எண்டால்தான் அவைக்கு ஆகாது. நாயோ பூனையோ எண்டு தெரியாட்டி, நாய் எண்டே எடுப்பினம்."

"பூனை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது, அண்ணை?"

அவர் பாணை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கவில்லை. குற்றம் செய்தவரின் பார்வை என்று அப்போது நினைத்தேன். "நான் ஒண்டும் கதைக்கேல்லை. நீங்களும் ஒண்டும் கதையாதேங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். பாதிப் பாண் அப்படியே இருந்தது.

அவர்தான் சொல்லிக் கொடுத்தார் என்று நான் முடிவு கட்டியது அந்த இடத்தில்தான். என் கணவர் டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். பத்து மணிக்குத்தான் வெளிக்கிடுவார். கழிவறைக்குள் நின்று அவருக்கு அழைத்தேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "நீர் ஒண்டையும் பார்க்கேல்லை. வாயைத் திறவாமல் இரும்" என்றார். கதவைத் திறந்து வைத்தது யார் என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படியென்றால் கதவின் பழியும் உம்முடைய தலையில்தான் விழும் என்று சொல்லிவிட்டு வைத்தார். அவர் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது.

ரபி இரண்டாம் முறை வந்தபோது நான் கோழி ஊறவைக்கும் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கூடத்தின் தரையில் ஒரு மூலை மட்டும் காலையிலேயே குழாய்த் தண்ணீரால் கழுவப்பட்டிருக்கிறது, கழுவுகிற நேரமல்ல அது என்றார். வடிகால் கம்பியில் இறகு சிக்கியிருந்ததாம். ஏதோ ஒன்று உள்ளே வந்திருக்கிறது, எது என்று தெரியவில்லை என்றார்.

வந்தால் என்ன, கோழிகள் சாகவில்லையே என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பழக்கத்தை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். செத்ததைப் பற்றிக் கவலை இல்லை, அதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார். உயிரோடு இருப்பதுதான் சிக்கல். வேட்டையாடும் மிருகம் நகத்தால் அடித்தால், நகத்தை உருவும்போது அதிலிருந்து ஒரு நஞ்சு உடம்புக்குள் இறங்கும் என்பது அவர்களுடைய சட்டம். வெளியே பெரிய காயம் இருக்க வேண்டியதில்லை. அந்தப் பிராணி நாலு நாள் நடக்கும், தின்னும், ஆனால் அது முடிந்துபோன உயிர். அதைப் பிறகு எவ்வளவு ஒழுங்காக அறுத்தாலும் உண்ண முடியாது. அவர்கள் விலக்கிய இறைச்சிக்கெல்லாம் சொல்லும் பொதுப் பெயருக்கே, ஆதியில் கிழிக்கப்பட்டது என்றுதான் பொருளாம்.

முன்னங்கால் நகமாக இருக்க வேண்டும். பின்னங்கால் என்றால் இல்லை, பல் என்றாலும் இல்லை. தெரியாமல் பட்டது என்றாலும் இல்லை, வேண்டுமென்று அடித்திருக்க வேண்டும். பெரிய மாட்டுக்குச் சிங்கம், கோழிக்குப் பூனை போதும். நாய்க்கு அந்த நஞ்சு கிடையாது. இதையெல்லாம் அவர் யாரோ பக்கத்து வீட்டுக்காரர்களின் வழக்கைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"உள்ளே வந்த மிருகமும் கத்தி, கோழிகளும் கத்தினால், ஒன்றையொன்று பயமுறுத்துகின்றன என்று எடுப்போம். அது பேசாமல் கோழிகளுக்கு நடுவில் படுத்திருந்து, கோழிகளும் பேசாமல் இருந்தால், சமாதானம் என்று எடுப்போம். அது வாய் திறக்காமல் இருக்க, கோழிகள் மட்டும் கத்தினால், அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும்."

சத்தத்தைப் பற்றிக் காலையில் ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. நான் பார்த்ததை அவர் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல இருந்தது. எனக்குக் கோபம்கூட வந்தது. தெரிந்துகொண்டே என்னைச் சுற்றி வலை போடுகிறார் என்று நினைத்தேன்.

யாரும் பார்க்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை என்றால், நாயா பூனையா என்ற கேள்வியில் நாய் என்று வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, அறுப்பைத் தொடங்கலாம் என்றார். அவர் குரலில் ஒரு வற்புறுத்தலும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை இந்தக் கோழிகளில் எத்தனையோ வீட்டில் சூப் வைப்பார்கள், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், பெட்டியில் என்னுடைய முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள் என்றார். சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

நான் குழாயைத் திறந்தபடியே நின்றேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிறந்தநாள் வீடு. வெள்ளிக்கிழமை. நான் விரதம். மரக்கறி ரோல் என்று சொல்லித் தட்டில் வைத்தார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு உறவுக்காரப் பெண் ஒருத்தி, இரண்டு வகையும் கலந்துபோய்விட்டது, நீங்கள் தின்றது ஆட்டிறைச்சியாகவும் இருக்கலாம் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒன்றும் ஆகவில்லைதானே என்றாள். உண்மைதான், ஒன்றும் ஆகவில்லை. கடவுள் என்னைத் தண்டிக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்த வீட்டில் பிறகு தண்ணீரும் குடித்ததில்லை.

கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு ரபியின் பின்னால் நடந்தேன். நடைபாதையில் அவரை மறித்துச் சொன்னேன். பூனை. சாம்பல் நிறம். நான் சாப்பாடு போடும் பூனை. முன்னங்கால் உள்ளே இருந்தது. அது சத்தம் போடவில்லை, கோழிகள்தான் கத்தின. கதவை நான் திறக்கவில்லை, அது ஏற்கெனவே திறந்திருந்தது. கடைசி வாக்கியத்தை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. "எந்தப் பெட்டி?" என்று மட்டும் கேட்டார்.

கூட்டிக்கொண்டு போனேன். கூடத்துக்குள் நுழைந்ததும் சுருள் கதவுப் பக்கம் திரும்பினேன். கதவோரம் வெறுமையாக இருந்தது. பெட்டி அடுக்குகள் எல்லாம் இடம் மாறியிருந்தன. எல்லாம் ஒரே மஞ்சள் பெட்டிகள். அடியில் இருந்தது மேலே இருக்கலாம், முன்னால் இருந்தது பின்னால் இருக்கலாம். நான் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றேன்.

யார் மாற்றியது என்று ரபி கேட்டார். எங்கள் பின்னால் வந்துவிட்டிருந்த மேற்பார்வையாளர் தோளைக் குலுக்கினார். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்ற அண்ணை, நான்தான் என்று பிரெஞ்சில் சொன்னார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பின்கதவில் இருக்கும் கமராவில் பார்க்கலாமா என்று ரபி கேட்க, அது பழுதாகிக் கிடக்கிறது என்றார் மேற்பார்வையாளர். அங்கே ஒரு கமரா இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

ரபி கூடத்தின் மூலையில் நின்று, தனக்கு மேலே உள்ள யாருக்கோ தொலைபேசியில் அவர்களுடைய மொழியில் வெகுநேரம் பேசினார். முடித்துவிட்டு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்திருந்தால், கதவோரத்து அடுக்கை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றை அறுத்திருக்கலாம். இப்போது எது எது என்று தெரியாது. உயிரோடு இருக்கும் பிராணி எத்தனைக்குள் கலந்தாலும் கரைந்துபோகாது. ஒன்றின்மேல் உள்ள சந்தேகம் எல்லாவற்றின்மேலும் உட்காரும். அன்று லொறியில் வந்த கோழி முழுவதும் விலக்காயிற்று.

வயிற்றைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா என்று மேற்பார்வையாளர் கேட்டார். குடலுக்கு நேரே சதை சிவந்திருக்கிறதா என்று பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்கும் அளவுக்கு எங்கள் கண்ணை நாங்களே நம்புவதில்லை என்றார் ரபி.

மத்தியானம் வேறொரு லொறி வந்து கோழிகளை ஏற்றிக்கொண்டு, இந்தச் சட்டம் இல்லாத வேறொரு தொழிற்சாலைக்குப் போயிற்று. எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மேற்பார்வையாளர் எனக்கும் அண்ணைக்கும் எச்சரிக்கைக் கடிதம் தந்தார். எனக்கு மிருகத்துக்கு உணவு வைத்ததற்கும் கதவைக் கவனிக்காததற்கும். அவருக்கு உத்தரவில்லாமல் பெட்டிகளை நகர்த்தியதற்கு. கையெழுத்துப் போடும்போது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் உட்காரும் மேசையில் உட்காரவில்லை. காலையில் பின்பக்கம் போவதை நிறுத்தி, மழையானாலும் முன்வாசலில் நின்றேன். என் மனம் ஓயாமல் வேலை செய்தது. கதவைத் திறந்தது அவராக இருக்கலாம். என்னைப் பிடித்துக்கொடுத்துவிட்டு, பெட்டியை மாற்றி, மேற்பார்வையாளரிடம் நல்ல பெயர் வாங்கப் பார்த்திருக்கலாம். அவருக்குக் கொடுத்த கடிதம்கூட எனக்குக் காட்டுவதற்கான நாடகமாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து எங்கள் வீட்டு மணியை அடித்தபோது, நான் தலையிடி என்று படுத்திருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். கணவர் சொன்னார். அண்ணை வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டாராம்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, மேற்பார்வையாளர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அவர் இனி வரமாட்டார் என்று மட்டும் சொன்னார்கள். என் கடிதத்தையும் அலுவலகத்தில் திருப்பி வாங்கிக் கிழித்தார்கள். காரணத்தை ரபிதான் சொன்னார். கமரா பழுதானது என்ற பேச்சை அவர் நம்பவில்லை. முதலாளியை விடாமல் நச்சரித்து, பதிவைத் திறக்க வைத்திருக்கிறார். அதில் எல்லாம் இருந்தது. மேற்பார்வையாளர் விடிந்ததும் வந்து சுருள் கதவைத் தூக்கி, வாசலில் நின்று சிகரெட் பிடித்து, கதவை முழுவதும் இறக்காமல் உள்ளே போகிறார். பிறகு பூனை நுழைகிறது. பிறகு நான் வந்து குனிகிறேன். நான் போன பிறகு அவர் தண்ணீர்க் குழாயோடு வருகிறார். நான் பூனைக்குச் சாப்பாடு வைத்த எத்தனையோ காலைகளும் அந்தப் பதிவில் இருந்தன. மேற்பார்வையாளரின் அறைத் திரையில் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று காலையில் நீங்களும் பூனையைப் பற்றித் தெரிந்துகொண்டுதான் கேட்டீர்களா என்று ரபியிடம் கேட்டேன். குப்பைத் தொட்டியோரம் மீன் முள்ளை மாதக்கணக்காகப் பார்க்கிறேன், அதனால் ஒரு பூனை இருக்கிறது என்று தெரியும் என்றார். ஆனால் உள்ளே போனது அதுதானா என்று தெரியாது. போய் என்ன செய்தது என்றும் தெரியாது. தெரியாததைத்தான் கேட்டேன் என்றார். அது முழு உண்மையா என்று நான் இன்றுவரை யோசிப்பதுண்டு.

அண்ணையிடம் போவதற்கு எனக்கு இன்னும் இரண்டு நாள் எடுத்தது. அவர் கூடத்துக்கு வெளியே வெற்றுப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், நீங்கள்தான் என்னைக் காட்டிக் கொடுத்தீர்கள் என்று நினைத்தேன், மன்னிக்க வேண்டும் என்று நேராகச் சொல்லிவிட்டேன். அவர் குழாயை மூடினார்.

"அது தெரியும், தங்கச்சி. நானும் உங்களைத்தான் சந்தேகப்பட்டனான்."

எதற்கு என்று கேட்டேன். அவர் சொன்னார். அந்தக் காலையில் மேற்பார்வையாளர் அவரிடம் ஓடிவந்திருக்கிறார். உங்கள் ஊர்ப் பெண் பூனைக்குச் சோறு வைக்கக் கதவைத் திறந்து விட்டுவிட்டாள், ரபி வருவதற்குள் பெட்டிகளை மாற்றி அடுக்கு, இல்லாவிட்டால் அவள் வேலை போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். அண்ணை அதை நம்பினார். பூனையோடு என்னைத் தினமும் பார்க்கிறவர் நம்பாமல் என்ன செய்வார்? என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் ஒரு லொறிப் பெட்டிகளையும் ஒன்றோடொன்று கலந்து வைத்தார். பிறகு நானே ரபியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றதும், பழியை அவர் தலையில் போட்டுவிட்டுத் தப்பப் பார்க்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

"மாத்தச் சொன்னது ஆர் எண்டு அப்பவே சொல்லியிருக்கலாமே, அண்ணை?"

"சொன்னால் ஏன் மாத்தச் சொன்னவர் எண்டு கேப்பினம். உங்கட பேரும் வரும்."

"எனக்காவது சொல்லியிருக்கலாம்."

"அதுக்குத்தானே வீட்டை வந்தனான்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத் தலையிடி இல்லை என்பது அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அடுத்த நாளிலிருந்து ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார், தேத்தண்ணி குடிக்கிறார், என் கணவரோடு அரசியல் கதைக்கிறார். சுருள் கதவுக்கு இப்போது ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். சாவி ரபியின் கையில். புதிதாக வந்த மேற்பார்வையாளர் நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் அவர் அண்ணையை அறைக்குக் கூப்பிட்டால், திரும்பி வரும்போது நான் அண்ணையின் முகத்தைப் பார்க்கிறேன். என்னைக் கூப்பிட்டுவிட்டு அனுப்பினால், அண்ணை தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். என்ன கதைத்தார்கள் என்று இரண்டு பேரும் கேட்பதில்லை.